பாவாயி வீட்டில் இன்னும் விடியவில்லை

தறிச்சத்தம் எவ்வளவு தூரம் கேட்கிறதோ அவ்வளவு தூரம்தான் தறிமேடு, சத்தம் நிற்கிற இடத்தில் ஊரும் நின்றுவிடும், அந்த ஊரின் மூன்றாவது வீதியில் ஆறு சென்ட் இடத்தில் ஒரு வீடும் நாலு தறி போட்ட ஒரு கொட்டகையும் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த அர்த்தநாரிக்கும் அவர் சம்சாரம் பாவாயிக்கும் ஒரு சாயங்காலம் கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு அமீனா வருவார், சாமான்களை எடுத்து வீதியில் வைப்பார், வீட்டைப் பூட்டி சீல் வைப்பார் என்று அதில் இருந்தது.

கடன் வாங்கியது அர்த்தநாரி. ஃபைனான்ஸ் நல்லசிவத்திடம் தறிக்காக வாங்கினார், நூல் விலை ஏறிக்கொண்டே போனது, துணி விலை இறங்கிக்கொண்டே வந்தது, இரண்டுக்கும் நடுவில் அர்த்தநாரி நின்றுகொண்டிருந்தார். முன்சீப் கோர்ட்டில் தீர்ப்பாகி, அசலும் வட்டியும் செலவும் சேர்த்து இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்று அன்றைக்குத்தான் முடிவு கட்டியிருந்தார்கள். அதற்கு மேல், கட்டித் தீர்க்கிற நாள் வரைக்கும் நாளொன்றுக்கு இருநூற்று நாற்பது.

வக்கீல் தண்டபாணி ஒரு வழி சொல்லியிருந்தார், மஞ்சள் நோட்டீஸ். தறிமேட்டில் அது தெரியாத ஆள் கிடையாது. கடன்பட்டவர் என்னால் முடியவில்லை என்று கோர்ட்டில் கையைத் தூக்கிவிட்டு, கடன் கொடுத்த எல்லோருக்கும் மஞ்சள் காகிதத்தில் ஒரு தாக்கல் அனுப்பிவிடுவார், அதற்குப் பிறகு ஒருத்தரும் வாசலில் வந்து நின்று கேட்க முடியாது. தண்டபாணி தட்டச்சு அடித்தே கொண்டுவந்துவிட்டார். பதினொரு பெயர் இருந்தது. முதல் பெயர் நல்லசிவம், கடைசிப் பெயர் பால்கார மாராக்காள்.

"இத்தனை பேருக்கும் கொடுத்தாத்தான் செல்லும்மா. ஆள் பாத்துப் பொறுக்கிக் கொடுக்க முடியாது" என்றார் தண்டபாணி.

"நல்லசிவண்ணனுக்குக் கொடுக்கலாமுங்க. அவருகிட்ட ஏற்கெனவே பத்து நோட்டீஸ் இருக்கும், இது பதினொண்ணாவது. மாராக்காளுக்கு எப்படிங்க கொடுக்கறது? அவளுக்குப் படிக்கத் தெரியாது. நானே உக்காந்து படிச்சுக் காட்டோணும்."

பாவாயி அந்த மஞ்சள் காகிதத்தை நாலாக மடித்து அரிசி டிரம்முக்கு அடியில் வைத்துவிட்டாள். கையெழுத்துப் போட அர்த்தநாரி பேனாவைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார்.

"இப்ப என்ன பண்றது பாவாயி?"

"படுங்க. விடியட்டும், பாத்துக்கலாம்."

அர்த்தநாரியிடம் ஒரு குணம் இருந்தது, பார்த்துக்கொள்கிறேன் என்று வேறு யாராவது சொல்லிவிட்டால் உடனே தூங்கிவிடுவார். படுத்தார், தூங்கிவிட்டார்.

பாவாயி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் இருபத்தாறு வருஷமாக, இருட்டோடு எழுந்து, வாளியில் சாணியைக் கரைத்து, வாசல் தெளித்து, ஒரு கோலத்தையும் இழுத்துவிட்ட பிறகுதான் அடுத்த வேலை. காய்ச்சலென்றாலும் தெளித்தாள், மழை பெய்த வாசலிலும் ஒரு கை தெளித்தாள். அன்றைக்கு வழக்கம் போல விழிப்பு வந்தது. பத்து மணிக்கு சீல் வைக்கப்போகிற வாசலுக்கு எதற்குத் தெளிக்க வேண்டும் என்று ஒரு நினைப்பும் கூடவே வந்தது, புரண்டு படுத்துக்கொண்டாள்.

தறிமேட்டுக்கு விடிந்தது. வெயில் எப்போதும் வருகிற மாதிரியே மூன்றாவது வீதியில் வீடு வீடாக ஏறி இறங்கி, குப்பண்ணன் வீட்டு மதில் வரைக்கும் வந்து, அங்கே ஒரு நொடி நின்று, பாவாயி வீட்டைத் தாண்டிக் கால் வைத்து அடுத்த வீட்டில் போய் இறங்கி, மிச்ச வீதியைப் பார்க்கப் போய்விட்டது.

பத்து மணிக்கு அமீனா சவரிமுத்து வந்தார், தமுக்கடிக்கிற ஆள் ஒருவர், சாமான் தூக்க இரண்டு பேர், ஒரு பூட்டு, ஒரு அரக்குக் கட்டி. வாசலில் வந்து நின்றவர் உள்ளே கால் வைக்காமல் நின்றார். அவருக்குப் பின்னால் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, சாமான் தூக்குகிறவர்களின் முதுகு வேர்த்து வழிந்தது, அவருக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி கருக்கிருட்டாக இருந்தது, சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது, தறிக்கொட்டகைக்கு மேலே நட்சத்திரங்கள் எண்ணி முடியாத அளவுக்கு இருந்தன. போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு பாவாயி வந்தாள்.

"என்னம்மா, உள்ளே ஒரே இருட்டா இருக்கு?"

"ஆமாங்க, இன்னும் விடியலீங்க. நீங்க நேரமே வந்துட்டீங்களாட்ட இருக்குது. கல்லு மேல உக்காருங்க."

சவரிமுத்து நிஜமாகவே உட்கார்ந்தார். வேறு அமீனாவாக இருந்தால் டார்ச்சை அடித்துக்கொண்டு உள்ளே போயிருப்பார். சவரிமுத்து போக மாட்டார், அதற்குக் காரணம் இருந்தது. சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் குடியிருக்கிற வீட்டுக்குள் அமீனா கால் வைக்கக் கூடாது என்பது சட்டம். வேலைக்குச் சேர்ந்த எட்டாவது வருஷம் வேறொரு ஊரில் காலை ஆறு பத்துக்கு ஒரு வீட்டுக்குள் போய்விட்டார், அன்றைக்குச் சூரிய உதயம் ஆறு பதினாலு. நாலு நிமிஷத்துக்கு ஒரு மெமோ, இரண்டு வருஷம் சம்பள உயர்வு கிடையாது. அன்று முதல் தினக்காலண்டர் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வீட்டைவிட்டே கிளம்புவார்.

தமுக்கடிக்கிறவர் கையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தார். கை மயிரில் பனி கோத்துக்கொண்டது. சாயங்காலம் வரைக்கும் நாலு பேரும் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள், பிறகு வெளியேயும் பொழுது போய்விட்டது, கிளம்பிவிட்டார்கள். சவரிமுத்து கோர்ட்டுக்கு எழுதிய அறிக்கை ஒரே வரி: வாரண்டை நிறைவேற்ற இயலவில்லை, மேற்படி வீட்டில் இன்னும் விடியவில்லை. முன்சீப் அம்மா அதன் கீழே பச்சை மையில் கேட்டார், மேகமூட்டமா? சவரிமுத்து மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு எழுதினார், மேகமில்லை, நட்சத்திரம் தெரிகிறது. வழக்கை நிலுவையில் வைத்தார்கள்.

மூன்றாவது நாள் பழக்கதோஷத்தில் பாவாயி சாணி கரைத்த வாளியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் அள்ளி ஓங்கியபோது கொட்டகைக்குப் பின்னால் கிழக்கே லேசாக வெளுத்தது, கூரை மேல் இருந்த அவள் வீட்டுச் சேவல் தொண்டையைச் செருமியது. கையை நிறுத்தினாள். வெளுப்பு நின்றது. கையை இறக்கினாள், மறுபடி கறுத்தது. இன்னொரு தடவை ஓங்கி, இறக்கி, ஓங்கி, இறக்கிப் பார்த்தாள், சேவல் மூன்று தடவை செருமி ஏமாந்தது. பாவாயி வாளித் தண்ணீரைப் பின்பக்கம் கொண்டுபோய் முருங்கை மரத்துக்கு ஊற்றிவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்தாள். அதைப் பற்றி ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை.

ஊர் முதலில் பக்கத்து வீட்டுக் குப்பண்ணன் விஷயத்தைத்தான் பேசியது. அந்த ராத்திரி, வீட்டுப் பத்திரத்தில் போட்டிருந்த நான்கு எல்லைக்குள் நூல் பிடித்த மாதிரி நின்றது, ஒரு விரற்கடை அந்தப் பக்கம் சிந்தவில்லை, இந்தப் பக்கம் குறையவில்லை. அப்படி நின்றதில் குப்பண்ணனின் குளியலறை ஒன்றரை அடி இருட்டில் கிடந்தது. மட்ட மத்தியானம் பாதி உடம்பு வெயிலிலும் பாதி உடம்பு ராத்திரியிலுமாகக் குளிக்க வேண்டியிருந்தது அவருக்கு. எல்லையை அளந்து தரச் சொல்லி அர்த்தநாரி ஒன்பது வருஷமாக மனுப்போட்டும் வராத சர்வேயர் இப்போது தானாகவே வந்தார், சங்கிலியை இழுக்காமலேயே இருட்டின் ஓரமாக நடந்து கோடு போட்டார், என் சர்வீஸில் இவ்வளவு சுத்தமான எல்லையைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். குப்பண்ணன் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார், ஒரு தடவை இருட்டில் சோப்பு என்று நினைத்து எதையோ தேய்த்துக்கொண்டார், அதன் பிறகு சுவரை அவரே இடித்துக்கொண்டார். அதற்கப்புறம் எல்லைத் தகராறு இருந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் பாவாயியிடம் வந்து, ஏனுங்க, எங்க காட்டுக்கும் ஒரு நாளைக்கு இந்த ராத்திரியைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள்.

பூக்காரி பதினொரு மணிக்கு வந்து முல்லைக் கொடியில் அப்போதுதான் விரிந்த பூவைப் பறித்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூட வாத்தியார் மூன்றாவது பீரியடில் ஐந்தாம் வகுப்பைக் கூட்டிவந்து சப்தரிஷி மண்டலத்தைக் காட்டிவிட்டு நாலாவது பீரியடுக்குத் திரும்பக் கூட்டிப்போனார். பகலில் தூங்கி ராத்திரியில் அழுகிற கைக்குழந்தைகளை இங்கே கொண்டுவந்து நேரத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மின்சார வாரியத்து ஆள் மட்டும், மத்தியானம் லைட் எரிக்கிற வீட்டுக்கு எந்தக் கணக்கில் பில் போடுவது என்று தெரியாமல் மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டார், இன்னும் பதில் வரவில்லை என்கிறார்கள்.

தறிமேட்டில் பாதி ஆட்கள் நைட் ஷிஃப்ட் ஓட்டுகிறவர்கள். விடிய விடியத் தறியோடு நின்றுவிட்டு வந்து, தகரக் கூரைக்குக் கீழே கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு கிடப்பார்கள், தூக்கம் வராது. முதலில் வந்தவர் மாராக்காளின் மருமகன் செல்லமுத்து.

"அக்கா, அந்த மூலையில கொஞ்ச நேரம் சாஞ்சுக்கட்டுங்களா?"

சாய்ந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு மில் சங்கு ஊதியபோதுதான் எழுந்தார். எழுந்து, கையையும் காலையும் யாரோ புதிதாக வாங்கிக் கொடுத்த மாதிரி பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு விளக்குக்குப் பக்கத்தில் இருபது ரூபாயை வைத்தார்.

"எதுக்குங்க இது?"

"நாலு வருசத்துல இப்பத்தான் தூங்கியிருக்கறனுங்க்கா. சும்மா போனா நல்லாருக்காது."

மறுநாள் ஆறு பேர், பத்தாவது நாள் நாற்பது பேர். கொட்டகையில் இடம் போதாமல் வாசலில், வாசலில் போதாமல் முருங்கையடியில். பாவாயி பாய்களை வாங்கிப் போட்டாள், செருப்பு வெளியே, பீடி வெளியே, குறட்டை கூடாது, எங்கூட்டுக்காரர் எந்திரிச்சிருவாரு என்று மூன்று சட்டம் போட்டாள். மூன்றாவது தேவையில்லாத சட்டம். அர்த்தநாரி எழுந்திருக்கவில்லை. கண்ணில் வெளிச்சம் படாமல் எழுந்து அவருக்குப் பழக்கமில்லை, வெளிச்சம் வரவில்லை, ஆகையால் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பசிக்கவில்லை, தாடி வளரவில்லை, திறந்த பேனா அப்படியே கைப்பக்கத்தில் கிடந்தது, மை காயவில்லை.

இருபது இருபதாகச் சேர்ந்தது. அரிசி டிரம்முக்கு அடியிலிருந்து மஞ்சள் காகிதத்தை எடுத்து, கீழேயிருந்து மேலே பெயர் பெயராக அடித்துக்கொண்டு வந்தாள் பாவாயி. மாராக்காளுக்குப் பால் காசு, பாபினில் நூல் சுற்றிய மூன்று பெண்களுக்குக் கூலி, மளிகைக் கடை, நூலுக்குக் கஞ்சி போட்ட சைசிங் பட்டறை, தங்கச்சியின் அடகு வைத்த தோடு. மாராக்காள் பணத்தை எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு, "மஞ்சக் காயிதம் வருமுன்னு ஊரே சொல்லுச்சு. நான் அதுல பொட்டுக்கடலை மடிக்கலாம்னு இருந்தேன், கெடுத்துட்டயே" என்றாள்.

பத்து பெயர்கள் அடிபட்டன. மேலே ஒரு பெயர் மிச்சமிருந்தது.

சாமான் வாங்க வெளியே போகும்போதெல்லாம் பாவாயிக்கு மட்டும் நாள் ஓடியது. காதோரம் ஒரு நரை வந்தது, அதைப் பார்க்க இன்னும் நாலு நரை வந்தன. தினமும் அர்த்தநாரியின் தலைமாட்டில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வாள், குப்பண்ணன் சுவரை இடித்ததைச் சொல்வாள், தங்கச்சி தோட்டைப் போட்டுக்கொண்டு சண்டைக்கு வந்ததைச் சொல்வாள், அவர் தூக்கத்திலேயே "ம்" என்பார். சில நாள் "ம்" வராது. அன்றைக்குச் சோறு இறங்காது.

நூற்றுப் பன்னிரண்டாவது நாள் நல்லசிவம் கோர்ட்டில் மனுப்போட்டார். நல்லசிவம் கெட்ட மனுஷன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கணக்கான மனுஷன். முப்பது வருஷத்தில் அவர் நோட்டில் ஒரு பைசா கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. ஆனால் தூக்கம் கிடையாது. கண்ணை மூடினால் எண்கள் ஓடும், பதினெட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தன.

"அம்மா, நூத்திப் பன்னண்டு நாளாச்சுங்க. வட்டி மட்டும் இருபத்தாறாயிரத்தி எண்ணூத்தி எம்பது. இன்னிக்கு மத்தியானம் தாண்டினா இன்னொரு எரநூத்தி நாப்பது" என்றார் நல்லசிவம்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று முன்சீப் அம்மா பாவாயியைக் கேட்டார்.

"கடன் வாங்கினது எங்கூட்டுக்காரருங்க. அவருக்கு இன்னும் ஒரு நாள்கூட ஆகலீங்க. எந்திரிச்சாருன்னா சொல்லுவாருங்க."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"விடியாம அவரை எழுப்ப முடியாதுங்க. எங்க கல்யாணத்துக்கு அஞ்சு மணிக்கு முகூர்த்தம் குறிச்சிருந்தாங்க. எழுப்பிப் பாத்துட்டு ஒம்பதுக்கு மாத்திட்டாங்க."

முன்சீப் அம்மா வழக்குக் கட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து எதையோ படித்தார். பிறகு கேட்டார், "இப்படி ஆகறதுக்கு நீங்க ஏதாவது பண்ணீங்களா? பூசை, மந்திரம்?"

"சாமி சத்தியமா நான் ஒண்ணுமே பண்ணலீங்க" என்றாள் பாவாயி. அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

"சரி. நல்லசிவம், அந்த வீட்டுல இப்ப பகல்தான்னா அமீனா உள்ளே போகலாம். அமீனா என்ன சொல்றார்?"

சவரிமுத்து காலண்டர் தாளை எடுத்து நீட்டி, "நாலு நிமிஷத்துக்கே மெமோ வாங்கினவன்ம்மா நான்" என்றார்.

"அப்படின்னா அங்கே ராத்திரி. ராத்திரியே முடியலைன்னா இந்த நூத்திப் பன்னண்டு நாள் எங்கிருந்து வந்தது?" என்று முன்சீப் அம்மா கேட்டார்.

நல்லசிவம் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். பகல் என்றால் வாரண்டை நிறைவேற்றலாம், ஆனால் அமீனா நம்ப மாட்டார். ராத்திரி என்றால் வட்டி போய்விடும். கணக்கான மனுஷனுக்கு அந்த நிமிஷம் ஒரு வழிதான் தோன்றியது.

"நானே உள்ள போயி உக்காந்து எண்ணிட்டு வர்றேனுங்க. என்ற கணக்கு இதுவரைக்கும் தப்பினதில்ல."

முன்சீப் அம்மா உத்தரவு போட்டார். மனுதாரர் மேற்படி வீட்டில் விடிகிற வரைக்கும் இருந்து, தானே எண்ணி, எத்தனை நாள் என்று சத்தியப் பிரமாணம் எழுதித் தர வேண்டும். பழைய நூற்றுப் பன்னிரண்டும் அதிலேயே அடங்கும். அவர் சொல்கிற எண்ணே இரு தரப்புக்கும் முடிவு. நல்லசிவம் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

மறுநாளே வந்துவிட்டார், ஒரு நோட்டு, இரண்டு பேனா, பிளாஸ்க் நிறையக் காபி, டார்ச், வட்டிக் கணக்குப் புத்தகமும் கையோடு. கொட்டகை மூலையில் கயிற்றுக் கட்டிலைக் காட்டிய பாவாயி, ஒரு இலவம்பஞ்சுத் தலையணையும் கொண்டுவந்து வைத்தாள்.

"இது எதுக்கு அம்மிணி? தூங்கறவனுக்குத்தான் தலகாணி."

"சும்மா முதுகுக்கு முட்டுக் கொடுத்துக்குங்ண்ணா. படுக்கைக்கு இருபது ரூவா. போறப்பக் கொடுத்தாப் போதும்."

நல்லசிவம் நோட்டைத் திறந்து, முதல் ராத்திரி என்பதற்காக ஒரு கோடு போட்டார். சுற்றிலும் நாற்பது பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள், எல்லா மூச்சும் சேர்ந்து ஒரு பெரிய தறி மெதுவாக ஓடுகிற மாதிரி போய்ப்போய் வந்தது, போய்ப்போய் வந்தது, அந்தத் தறியில் அவருடைய எண்கள் ஒவ்வொன்றாகச் சிக்கி இழைந்து துணியாகிக்கொண்டிருந்தன. பிளாஸ்க் மூடியைத் திறக்கவில்லை. பதினெட்டு வருஷத்துத் தூக்கம் பாக்கியிருந்தது, அது வட்டியோடு வந்தது.

தறிக்காரர்களுக்கு மில் சங்கு இருந்தது. நல்லசிவத்துக்குச் சங்கு கிடையாது. மூன்றாம் நாள் அவர் சம்சாரம் ருக்குமணி ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு வந்தாள், விளக்கைத் தூக்கிப் பிடித்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தோளைத் தட்டினா எந்திரிச்சிருவாருங்க. எழுப்பட்டுங்களா?" என்று கேட்டாள் பாவாயி.

"வேண்டாமுங்க. பதினெட்டு வருசமா விடிய விடியப் பக்கத்துல கெடந்து வட்டி சொல்லீட்டிருப்பாரு. நானும்தான் தூங்கினதில்ல." அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வேட்டியைச் சரி செய்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கினாள். கணக்குப் புத்தகம் அவர் தலைமாட்டில் இருந்ததால் ஊரில் ஒருத்தரிடமும் வசூல் நடக்கவில்லை. வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டில் டவாலி மூன்று தடவை நல்லசிவம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், சவரிமுத்து எழுந்து நின்று, மனுதாரர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பார், வழக்கு நகரும்.

அந்த ராத்திரி தொடங்கிப் பதினாலு மாசம் ஆனது. ஒரு நாள் பாவாயி அரிசி டிரம்மில் இருந்த பணத்தைக் கொட்டி எண்ணினாள். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் சரியாக இருந்தது. மறுபடி எண்ணினாள், மறுபடியும் இருந்தது. அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ராத்திரி இருக்கிற வரைக்கும் தினமும் எண்ணூறு ரூபாய், வீட்டுக்குள் யாரும் கால் வைக்க முடியாது, நாற்பது பேர் தூங்குகிறார்கள். செல்லமுத்துவிடம் சாடையாகச் சொன்னபோது, "அக்கா, விடியறதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்று மட்டும்தான் கேட்டார். சவரிமுத்து வழக்கம் போல வந்து கல்லில் உட்கார்ந்தவர், "மாசக் கடைசியில ரிட்டயர் ஆறேன்ம்மா. எல்லா வாரண்டும் முடிஞ்சது, இது ஒண்ணுதான் பாக்கி. புது அமீனா சின்ன வயசு, காலண்டர் பாக்கற ஆள் மாதிரி தெரியல" என்றார்.

அன்றைக்கும் அர்த்தநாரி தலைமாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பணம் சேர்ந்துவிட்டது என்றாள். "ம்" இல்லை. நாற்பது பேர் தூக்கம் போய்விடும் என்றாள். "ம்" இல்லை. சரி, நான் என்ன பண்ணட்டும் நீங்களே சொல்லுங்க என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். தறி மாதிரி மூச்சுகள் போய்ப்போய் வந்தன. இருபத்தாறு வருஷம் பேசிக்கொண்டே இருந்த ஆள் பதினாலு மாசமாக ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை என்பது, அன்றைக்குத்தான் ஏதோ புதுச் சேதி மாதிரி அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுச் செலவுக்கு எடுத்து வைத்திருந்த சில்லறையிலிருந்து இருநூற்று நாற்பது ரூபாயை எண்ணி எடுத்துக் கட்டோடு சேர்த்து முடிந்தாள், நல்லசிவத்தின் தலையணைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள், சங்குக்கு முன்பே தறிக்காரர்களை ஒவ்வொருவராகத் தொட்டு எழுப்பி, பாயைச் சுருட்டச் சொன்னாள். "இன்னிக்கு ஆரும் காசு வைக்க வேண்டாம்" என்றாள். விடியக்காலை வரச் சொல்லி சவரிமுத்துவுக்குச் செல்லமுத்துவிடம் சொல்லி அனுப்பினாள். வெளியே நாள் பிறக்கிற வரைக்கும் காத்திருந்து, கவிழ்த்து வைத்த வாளியை நிமிர்த்தினாள்.

தெளித்தாள். முதல் கைக்குக் கிழக்கு வெளுத்தது, இரண்டாம் கைக்குச் சேவல் பதினாலு மாசத்துக் கூவலையும் சேர்த்துக் கூவியது, கோலத்தின் கடைசி இழையை இழுத்து நிமிர்ந்தபோது வெயில் குப்பண்ணன் வீட்டிலிருந்து ஒன்றும் நடக்காத மாதிரி இந்தப் பக்கம் இறங்கியது.

நல்லசிவம் எழுந்து உட்கார்ந்தார். முதலில் நோட்டைத்தான் எடுத்தார். ஒரு கோடு இருந்தது. வாசலில் நின்ற சவரிமுத்துவின் காலண்டர் தாளை வாங்கிப் பார்த்தார், அவர் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து பத்து மாசம் தள்ளி இருந்தது. தன் தாடையைத் தடவினார், ஒரு ராத்திரித் தாடி. அப்புறம் தலையணைக்கு அடியில் கை போனது, எண்ணினார், திருப்பி எண்ணினார்.

"அம்மிணி, இந்த எரநூத்தி நாப்பது எதுக்கு?"

"ஒரு ராத்திரி வட்டிங்க."

"ஒரு ராத்திரியா? பழைய நூத்திப் பன்னண்டு நாளையும் சேத்துப் பதினாலு மாசமுன்னு நான் எழுதினா?"

"எழுதுங்ண்ணா. நீங்க முழிச்சிருந்து எண்ணினது எத்தனையோ அத்தனையை எழுதுங்க. சத்தியம் பண்ணிக் கொடுக்கற காயிதம், நான் என்ன சொல்லறது?"

நல்லசிவம் அந்த ஒற்றைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு கோடு போட ஒரு நொடி ஆகாது. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார், எண் ஓடவில்லை. முப்பது வருஷத்தில், கண்ணால் பார்க்காத நாளுக்கு அவர் ஒரு கோடும் போட்டதில்லை. "பேனாவைக் காணோமே" என்றார், இரண்டும் கட்டிலுக்கு அடியில் எங்கோ உருண்டுபோயிருந்தன. பாவாயி அர்த்தநாரி கைப்பக்கத்தில் திறந்து கிடந்த பேனாவை எடுத்துக் கொடுத்தாள். ஒரு ராத்திரி என்று பிரமாணம் எழுதினார், பற்றுச்சீட்டுக்குத் தாள் கேட்டார். அவள் அந்த மஞ்சள் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள், பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்து, செருப்பை மாட்டி, வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து சட்டைப்பையிலிருந்து இருபது ரூபாயை எடுத்து நீட்டினார்.

"படுக்கைக்கு" என்றார்.

"ஒரு ராத்திரிக்குத்தானுங்களே. சரியா இருக்குது" என்று வாங்கிக்கொண்டாள் பாவாயி.

சவரிமுத்து காலண்டரைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், ஆறு இருபது. அந்த வீட்டுக்குள் முதல் தடவையாகக் கால் வைத்து, கடன் தீர்ந்தது, வாரண்ட் திருப்பப்படுகிறது என்று எழுதிவிட்டு, பூட்டையும் அரக்கையும் பையில் போட்டுக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் வெயில் ஜன்னல் வழியாக நகர்ந்து நகர்ந்து அர்த்தநாரியின் கண்ணுக்கு வந்தது. கொட்டாவி விட்டபடி எழுந்து உட்கார்ந்தார்.

"அமீனா வந்தாச்சா?"

"வந்துட்டுப் போயிட்டாருங்க."

"என்ன சொன்னாரு?"

"காபி நல்லாருக்குதுன்னாரு."

அர்த்தநாரி தலையாட்டினார். அவளைப் பக்கத்தில் வரச் சொல்லி, கண்ணைச் சுருக்கி அவள் தலையைப் பார்த்தார்.

"நேத்து கொட்டாயைக் கூட்டினயா? தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்குது பாரு" என்று கையால் தட்டிவிட்டார். போகவில்லை. இன்னொரு தடவை தட்டினார், போகவில்லை.

பாவாயி தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள்.

"தட்டுங்க, தட்டுங்க" என்றாள். "போறப்பப் போகட்டும்."